கவுன்சில் கூட்டத்துக்குப் போக விசா கேட்கமாட்டார்கள்

வில்லாவுட்டில் வுட்வில் ரோட்டுக்கு மேற்குப் பக்கம் குடியிருந்தால் உங்கட குப்பை வாளியை வெறுமையாக்குவது ஃபெயார்ஃபீல்ட் கவுன்சில். ரோட்டைக் கடந்து கிழக்குப் பக்கம் வந்தால் அந்த வேலை கான்டர்பரி-பாங்க்ஸ்டவுன் கவுன்சிலுடையது. ஊர்ப் பெயர் ஒன்று, தபால் குறியீடும் 2163 என்று ஒன்றுதான். ஆனால் ரேட்ஸ் பில்லின் தலைப்பும், வாசலில் பழைய சாமான் வைக்கிற ஒழுங்கும், தேர்தலன்று கையில் தரப்படும் வாக்குச்சீட்டும் வேறு வேறு.

மேற்குப் பக்கத்தார் மேயரைத் தாங்களே வாக்குப் போட்டுத் தெரிகிறார்கள். கிழக்குப் பக்கத்தில் ஐந்து வட்டாரங்களில் வட்டாரத்துக்கு மூன்று பேராக 15 கவுன்சிலர்கள் தெரிவாகி, அவர்கள் தங்களுக்குள் ஒருவரை இரண்டு வருடத்துக்கு மேயர் ஆக்குகிறார்கள். ஒரே தெருச் சந்தியில் நின்று கதைக்கும் இரண்டு குடும்பத்துக்கு உள்ளூர் ஆட்சி இப்படி இரண்டு விதமாக இருக்கிறது.

இது வில்லாவுட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை. தமிழர் நிறைய இருக்கிற டூங்காபி, பரமட்டா, பிளாக்டவுன், கம்பர்லாண்ட் என்று மூன்று கவுன்சில்களுக்குள் பிரிந்து கிடக்கிறது. வென்ட்வொர்த்வில்லில் ஒரு பகுதி கம்பர்லாண்ட், மறு பகுதி பரமட்டா. அதனால் “எங்கட கவுன்சில் எது?” என்ற கேள்விக்கு ஊர்ப் பெயரை வைத்துப் பதில் சொல்லமுடியாது. ரேட்ஸ் பில்லைப் பாருங்கள். வாடகை வீடு என்றால் நியூ சவுத் வேல்ஸ் தேர்தல் ஆணையத்தின் வலைத்தளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். வட்டாரம் எது என்பதும் தெரியும்.

சரி, இதெல்லாம் எங்களுக்கு ஏன்? பிரதமரின் பெயர் எங்கட பிள்ளைகளுக்குத் தெரியும். மாநில முதல்வரின் பெயரும் பெரும்பாலும் தெரியும். ஆனால் வீட்டு வாசலில் இருக்கும் நடைபாதையைப் போடுவதா விடுவதா என்று முடிவெடுக்கும் ஆளின் பெயர், பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, எங்களில் பலருக்கே தெரியாது. இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு இங்கிலிஷ் தடை இல்லை. படிவம் நிரப்பத் தெரியும். அப்பா அம்மாவின் காலத்தில் வேலை, வீடு, விசா என்று ஓடியதில் கவுன்சில் பக்கம் பார்க்க நேரம் இருக்கவில்லை. எங்களுக்கு அந்தச் சாட்டும் இல்லை.

மூன்று அரசாங்கம், மூன்று வேலை

பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த ஒரு சுலபமான வழி உண்டு. விசா, மெடிகெயார், சென்டர்லிங்க் எல்லாம் கன்பெராவில் இருக்கும் மத்திய அரசு. ஆஸ்பத்திரி, அரச பள்ளிக்கூடம், ரயில், பொலிஸ் எல்லாம் மாநில அரசு. வீட்டுக் கதவைத் திறந்தவுடன் கண்ணில் படும் மிச்சம் அநேகமாகக் கவுன்சில்: குப்பை, உள்ளூர்த் தெரு, நடைபாதை, பூங்கா, விளையாட்டுத் திடல், நூலகம், வாடகைக்கு எடுக்கும் மண்டபம், சாப்பாட்டுக் கடைகளின் சுத்தம் பார்ப்பது, பக்கத்து வீட்டுக்காரர் கட்டப்போகும் இரண்டாம் மாடி.

இதில் பலர் இடறுகிற ஒரு இடம் ரோடு. வுட்வில் ரோடு மாதிரிப் பெரிய ரோடுகள் மாநில அரசின் பொறுப்பு. எந்த ரோட்டிலும் வேக எல்லையைத் தீர்மானிப்பதும் மாநில அரசின் போக்குவரத்துத் துறைதான். உள்ளூர்த் தெருவில் வேகத்தடை, பார்க்கிங் பலகை, பாதசாரிக் கடவை வேண்டுமென்றால் கவுன்சிலில் தொடங்கவேண்டும். அங்கே இதற்கென்று ஒரு குழு இருக்கிறது. கவுன்சில் ஆட்கள், பொலிஸ், மாநிலப் போக்குவரத்துத் துறை ஆட்கள் எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள். தவறான கதவைத் தட்டினால் ஆறு மாதம் போய்விடும். சரியான கதவைத் தெரிந்துவைத்திருந்தால் அந்த ஆறு மாதம் மிச்சம்.

இன்னொரு விசயம். அவுஸ்திரேலிய அரசியல் யாப்பில் கவுன்சில் என்று ஒரு சொல்லே கிடையாது. உள்ளூராட்சியை யாப்பில் சேர்க்கலாமா என்று 1974இலும் 1988இலும் மக்களிடம் கேட்டார்கள். இரண்டு தடவையும் மக்கள் வேண்டாமென்றார்கள். அதனால் கவுன்சில்களை உருவாக்குவதும் கலைப்பதும் மாநில அரசின் கையில். இன்றைய கான்டர்பரி-பாங்க்ஸ்டவுன், கம்பர்லாண்ட் இரண்டும் 2016 மே 12ஆம் திகதி மாநில அரசு பழைய கவுன்சில்களை இணைத்தும் வெட்டியும் உண்டாக்கியவை. பழைய கான்டர்பரி, பழைய பாங்க்ஸ்டவுன் என்ற இரண்டு சபைகள் ஒரே நாளில் ஒன்றாகி, அந்த நேரத்தில் மாநிலத்தில் ஆகக்கூடிய சனத்தொகை கொண்ட கவுன்சில் ஆனது. 2021 குடிசன மதிப்பீட்டில் அங்கே 3,70,000க்கு மேற்பட்டோர். யாழ்ப்பாண மாநகரசபைப் பகுதியில் இருப்பவர்களைவிட இது எத்தனையோ மடங்கு. 'சின்ன அரசாங்கம்' என்று சொன்னாலும் ஆள் எண்ணிக்கை சின்னதில்லை.

ஒரு கூட்டத்தில் என்னதான் நடக்கும்?

நியூ சவுத் வேல்ஸின் 1993ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டப்படி ஒரு கவுன்சில் வருடத்தில் குறைந்தது 10 தடவை, ஒவ்வொன்றும் வேறு வேறு மாதத்தில், கூடவேண்டும். கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. உள்ளே போய்ப் பின் வரிசையில் இருக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. வீட்டிலிருந்து இணையத்திலும் பார்க்கலாம்.

கூட்டத்துக்குச் சில நாள் முன்னமே நிகழ்ச்சிநிரல் வலைத்தளத்தில் வந்துவிடும். சில வேளை நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். பயப்படவேண்டாம், முழுவதும் வாசிக்கத் தேவையில்லை. நான்கு பகுதிகள்தான் முக்கியம். முதலில் மேயரின் அறிக்கை; மேயர் முன்னறிவித்தல் இல்லாமலே ஒரு விசயத்தை எடுக்கலாம் என்பதால் சுடச்சுட வருகிற செய்தி இங்கேதான் இருக்கும். அடுத்தது கவுன்சிலர்கள் கொண்டுவரும் பிரேரணைகள். யாருக்கு எதில் அக்கறை என்று இதில் தெரியும். மூன்றாவது அதிகாரிகளின் அறிக்கைகள். காசு, திட்டம், ஒப்பந்தம் எல்லாம் இதற்குள். நான்காவது குழுக்களின் குறிப்புகள். உங்கட தெருவின் பெயர் எங்கேயாவது வந்தால் அநேகமாக இதற்குள்தான் வரும்.

தேடும் பெட்டியில் உங்கட தெருப் பெயரையும், பிள்ளையின் பள்ளிக்கூடத்தின் பெயரையும், நீங்கள் போகும் பூங்காவின் பெயரையும் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடம் போதும். பெயர் இல்லையென்றால் அந்த மாதம் விட்டுவிடலாம்.

அநேகமான அறிக்கைகளின் முடிவில் 'பரிந்துரை' என்று ஒரு பந்தி இருக்கும். கவுன்சிலர்கள் கை உயர்த்துவது அந்தப் பந்திக்குத்தான். முன்னால் இருக்கும் 20 பக்கமும் அதற்கான விளக்கம். ஆகவே முதலில் பரிந்துரையை வாசித்துவிட்டு, அது பிடிக்கவில்லையென்றால் மட்டும் மேலே போங்கள்.

வாக்குகள் சமமாக வந்தால் தலைமை தாங்குபவருக்கு இன்னொரு வாக்கு உண்டு. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், “அது ஃபெயார் இல்லையே!” என்று ஒரு நல்ல விவாதம் சாப்பாட்டு மேசையில் தொடங்கும்.

பக்கத்து வீட்டு மாடியும் எங்கட கிரானி ஃபிளாட்டும்

கவுன்சிலோடு எங்கட ஆட்களுக்கு அதிகம் கொழுவல் வருகிற இடம் கட்டட அனுமதி. அதில் ஒரு பெரிய தப்பெண்ணம் இருக்கிறது: “அந்தக் கவுன்சிலரைத் தெரியும், கதைத்தால் சரிவரும்.” சிட்னியில் 2018 மார்ச் மாதத்திலிருந்து கட்டட விண்ணப்பங்களைக் கவுன்சிலர்கள் தீர்மானிப்பதில்லை. சாதாரண விண்ணப்பங்களைக் கவுன்சில் அதிகாரிகள் முடிவெடுப்பார்கள். சர்ச்சையானது, நிறையப் பேர் எதிர்க்கிறது போன்றவை உள்ளூர்த் திட்டக் குழு என்ற நிபுணர் குழுவுக்குப் போகும். கவுன்சிலர் உங்கட கடிதத்தை அனுப்பிவைக்கலாம். முடிவு அவர் கையில் இல்லை.

எழுத்தில் ஒரு கருத்து அனுப்புவதுதான் வேலை செய்கிற வழி. விண்ணப்பம் வந்ததும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கவுன்சில் கடிதம் போடும். வழமையாக 14 நாள் தவணை இருக்கும். அந்தக் கடிதத்தைக் குப்பைக் கடதாசி என்று நினைத்து எறிந்துவிட்டு, சுவர் எழும்பிய பிறகு கத்துகிறவர்கள் எங்களில் நிறையப் பேர். கருத்து எழுதும்போது ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்று எழுதினால் பலனில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு எங்கட பின்வளவில் நிழல் விழும், படுக்கையறை ஜன்னலுக்கு நேரே அவர்களுடைய பல்கனி வருகிறது, மழைத் தண்ணீர் எங்கட பக்கம் ஓடும் என்று அளக்கக்கூடிய விசயத்தை எழுதவேண்டும். உங்கட பெயரும் கடிதமும் பொதுவில் வெளியாகலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் அவர்கள்தான் அயலவர்.

மறுபக்கம், அம்மம்மா தாத்தாவுக்கென்று பின்வளவில் கிரானி ஃபிளாட் கட்ட யோசிக்கும் குடும்பங்கள் பல. காணி குறைந்தது 450 சதுர மீற்றர், கட்டடம் 60 சதுர மீற்றருக்கு மேற்படாதது, மற்ற அளவுகளும் விதிப்படி இருந்தால், கவுன்சிலின் நீண்ட பாதையில் போகாமல் அங்கீகாரம் பெற்ற தனியார் சான்றளிப்பவர் மூலமாகவே விரைவு அனுமதி எடுக்கலாம். வெள்ளம் வரும் காணி, பழமை காக்கும் பகுதி போன்றவற்றுக்கு வேறு விதி. கான்ட்ராக்டர் “எல்லாம் நான் பார்த்துக்கொள்வன்” என்று சொல்லலாம். காணிக்கு என்ன கட்டுப்பாடு இருக்கிறது என்று காட்டும் திட்டச் சான்றிதழைக் கவுன்சிலிடம் நீங்களே எடுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

சோலைவரி

ஊரில் எங்கட பெரியவர்கள் சோலைவரி என்று சொன்னதுதான் இங்கே ரேட்ஸ். வருடத்துக்கு நான்கு தவணை: ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதக் கடைசி நாள். கணக்குப் பார்ப்பது காணியின் பெறுமதியை வைத்து. அதை மதிப்பிடுவது கவுன்சில் இல்லை, மாநிலத்தின் மதிப்பீட்டாளர். வீட்டுக்குள் எவ்வளவு செலவழித்துப் புதுக் குசினி போட்டாலும் அதற்காக ரேட்ஸ் ஏறாது.

நினைத்தபடி கூட்டவும் முடியாது. 1977இலிருந்து இந்த மாநிலத்தில் கவுன்சில்கள் வருடாவருடம் மொத்த ரேட்ஸ் வருமானத்தை எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு உச்சவரம்பு இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். அந்த நேரம் மக்களிடமும் கருத்துக் கேட்கவேண்டும். இந்த உச்சவரம்பு நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. ரேட்ஸ் கட்டுபவருக்கு நிம்மதி. ஆனால் சாமான் விலை அதைவிட வேகமாக ஏறினால் முதலில் தள்ளிப்போவது நடைபாதையும், நூலக நேரமும், பூங்காக் கழிவறையும்.

ஒரு சின்ன விசயம், ஆனால் காசு விசயம். உங்கட அப்பா அம்மா சொந்த வீட்டில் இருந்து, ஓய்வூதியச் சலுகை அட்டையும் வைத்திருந்தால், ரேட்ஸிலும் குப்பைக் கட்டணத்திலும் சேர்த்து வருடத்துக்கு 250 டொலர் வரை கழிவு உண்டு. தானாக வராது, ஒரு படிவம் கொடுக்கவேண்டும். அடுத்த முறை அவர்கள் வீட்டுக்குப் போகும்போது பில்லை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தக் காசை எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் ஆவணமும் திறந்ததுதான். ஒவ்வொரு வருடமும் வரவுசெலவுத் திட்டத்தின் வரைவை குறைந்தது 28 நாள் மக்கள் பார்வைக்கு வைத்து, கருத்துக் கேட்டு, ஜூன் 30க்கு முன் நிறைவேற்றவேண்டும் என்பது சட்டம். அதாவது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் அது வெளியே இருக்கும். அந்த நேரம் ஐந்து வரி எழுதினால் அதற்குப் பெறுமதி உண்டு. ஓகஸ்டில் ஐம்பது வரி எழுதினால், “அடுத்த வருடம் பார்ப்போம்” என்ற பதில்தான் வரும்.

நூலகம் என்றால் கவுன்சில்

யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அது ஒரு மாநகரசபை நூலகம் என்பதை எத்தனை பேர் யோசித்திருப்போம்? 1933இல் செல்லப்பா என்பவர் தன் வீட்டில் சேர்த்த புத்தகங்களில் தொடங்கி, பிறகு ஊர்ச் சபையின் பொறுப்பில் வளர்ந்து, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த கட்டடத்தில் 1959இல் திறக்கப்பட்ட நூலகம் அது. 1981 மே 31 இரவு அதை எரித்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அந்த நாட்களில் வடக்கில் நடந்துகொண்டிருந்தது மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல்; வாக்களிப்பு ஜூன் 4. உள்ளூராட்சிக்கு வாக்குக் கேட்கும் கிழமையில்தான் ஊரின் நூலகம் எரிந்தது. நூலகம், ரோடு, சந்தை எல்லாம் சின்ன விசயம் என்று எங்கட சனம் ஒருநாளும் நினைக்கவில்லை. இங்கே வந்த பிறகுதான் அப்படி நினைக்கத் தொடங்கினோம்.

இங்கே நூலகத்தை யாரும் எரிக்கப்போவதில்லை. தமிழ்ப் புத்தகத் தட்டு காணாமல் போக நெருப்பும் தேவையில்லை. யாரும் எடுத்து வாசிக்கவில்லை என்ற ஒரு கணக்கே போதும். பழையவை கழிக்கப்படும், புதியவை வாங்கப்படாது, ஒருநாள் அந்த இடத்தில் வேறு மொழி இருக்கும். யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, எண்ணிக்கை மட்டும்தான்.

எண்ணிக்கையை நாங்கள் மாற்றலாம். நியூ சவுத் வேல்ஸில் குடியிருக்கும் யாரும் பொது நூலகத்தில் இலவசமாகச் சேரலாம். உங்கட சொந்தக் கவுன்சிலில்தான் சேரவேண்டும் என்றும் இல்லை. வில்லாவுட்டில் இருப்பவர் இரண்டு கவுன்சில் நூலகத்திலும் அட்டை எடுக்கலாம். தமிழ்ப் புத்தகம் இல்லையென்றால், இந்தத் தலைப்பை வாங்குங்கள் என்று கேட்கலாம். மாநில நூலகம் 40க்கு மேற்பட்ட மொழிகளில் புத்தகத் தொகுதிகளை உள்ளூர் நூலகங்களுக்கு இரவல் கொடுக்கிறது. தமிழும் அதில் ஒன்று. நூலகர் கேட்டால் வரும். நூலகர் கேட்பதற்கு ஒருவர் வந்து நூலகரிடம் கேட்கவேண்டும்.

இரண்டாவது எண்ணிக்கை குடிசன மதிப்பீடு. அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் என்று 2016இல் 73,161 பேர் பதிந்தார்கள், 2021இல் 95,404. இந்த இலக்கங்களைக் கவுன்சில்கள் தங்கள் பகுதிக்குப் பிரித்து எடுத்து, எந்த மொழியில் துண்டுப்பிரசுரம், எந்த மொழியில் கதை நேரம், எந்த மொழியில் புத்தகம் என்று பார்க்கின்றன. இங்கே எங்கட தலைமுறையின் பொறுப்பு பெரியது. வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பாவிக்கிறீர்களா என்ற கேள்விக்கு அப்பா அம்மா யோசிக்காமல் தமிழ் என்று எழுதினார்கள். நாங்கள், “அரைகுறைத் தமிழ்தானே, பிள்ளை பதில் சொல்வது இங்கிலிஷில்தானே” என்று தயங்கி, இல்லை என்று போட்டுவிடுகிறோம். கேள்வி எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள் என்பதில்லை, பாவிக்கிறீர்களா என்பதுதான். “சாப்பிட வா”, “காலைக் கழுவு” என்பதும் பாவிப்புத்தான். 2026 ஆகஸ்ட் குடிசன மதிப்பீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பெட்டி தனியாக வரும் என்பதை மறக்கவேண்டாம்.

சபையில் சில கைகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024இல் கம்பர்லாண்டில் நடந்தது ஒரு பாடம். வென்ட்வொர்த்வில்லும், மேய்ஸ் ஹில் முருகன் கோயிலும் இருக்கிற கவுன்சில் அது. மே 1ஆம் திகதிக் கூட்டத்தில், ஒரே பாலினப் பெற்றோர் பற்றிய புத்தகங்களை நூலகங்களிலிருந்து எடுக்கவேண்டும் என்ற தீர்மானம் 6க்கு 5 என்ற கணக்கில் நிறைவேறியது. அது 15 பேர் கொண்ட சபை; வாக்குப் போட்டது 11 பேர். நாடு முழுவதும் செய்தியானது. ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள், இரண்டு பக்கத்தாரும் சபைக்கு வெளியே கூடினார்கள், இரண்டு கிழமைக்குள் மே 15ஆம் திகதி பெரும்பான்மை வாக்கால் அந்தத் தீர்மானம் இரத்தானது. இந்த விசயத்தில் உங்கள் கருத்து எந்தப் பக்கமாகவும் இருக்கட்டும். ஒரு நூலகத் தட்டில் எது இருக்கும் என்பதை ஒரு புதன்கிழமை இரவு ஒரேயொரு வாக்கு தீர்மானித்தது. பிறகு வெளியே நின்ற மக்கள் அதை மாற்றவைத்தார்கள். இரண்டும் அதே கவுன்சிலில்தான் நடந்தது.

முகாமும் மேடையும்

வில்லாவுட் என்ற பெயரைக் கேட்டதும் எங்கட ஆட்களுக்கு ரேட்ஸ் பில் ஞாபகம் வராது. முகாம்தான் ஞாபகம் வரும். 1949இல் ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகளுக்கான விடுதியாகத் தொடங்கிய இடம் அது. அறுபதுகளில் புகழ்பெற்ற ஈஸிபீட்ஸ் இசைக்குழுவின் பையன்கள் சந்தித்ததும் அந்த விடுதியில்தான். 1976இலிருந்து அதன் ஒரு பகுதி குடிவரவுத் தடுப்பு முகாம். போர் முடிந்த பிறகு படகில் வந்த எங்கட சனத்தில் பலர் அந்த வேலிக்குள் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சோற்றுப் பார்சலோடு பார்க்கப் போன குடும்பங்கள் சிட்னியில் நிறைய.

முகாம் கான்டர்பரி-பாங்க்ஸ்டவுன் எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் மத்திய அரசின் காணி என்பதால் ரேட்ஸ் கிடையாது. மத்திய அரசின் சொத்துக்கு மாநிலம் வரி போடமுடியாது என்று அரசியல் யாப்பின் 114ஆம் பிரிவு சொல்கிறது. உள்ளே நடப்பதிலும் கவுன்சிலுக்கு எந்தச் சொல்லும் இல்லை. யார் வரலாம், யார் இருக்கலாம் என்பதெல்லாம் கன்பெராவின் கையில்.

அந்த வேலிக்கு வெளியே வந்தவுடன் கதை மாறுகிறது. விடுவிக்கப்பட்டு, தற்காலிக விசாவில், பிரிட்ஜிங் விசாவில் வருடக்கணக்காக இதே மேற்கு சிட்னியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு வாக்கு இல்லை. நிரந்தர வதிவுரிமை இருப்பவருக்கும் இல்லை. மாநிலத் தேர்தல் போலவே கவுன்சில் தேர்தலிலும் பிரஜைகளுக்குத்தான் வாக்கு. ஆனால் நூலக அட்டை எடுக்கலாம். பிள்ளையைக் கதை நேரத்துக்குக் கூட்டிப் போகலாம். கவுன்சில் கூட்டத்துக்கு வந்து இருக்கலாம். பூங்கா விளக்கு எரியவில்லை என்று புகார் கொடுக்கலாம். வரவுசெலவுத் திட்டத்துக்குக் கருத்து எழுதலாம், மனுவில் கையெழுத்து வைக்கலாம். எங்கேயும் ‘விசா இலக்கம்’ என்று ஒரு பெட்டி இருக்காது. இங்கிலிஷ் கஷ்டமென்றால் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் என்று சொன்னால், அவர்கள் கவுன்சிலோடு தொடுத்துவிடுவார்கள்.

2002இலிருந்து ‘அகதிகளை வரவேற்கும் இடம்’ என்று தங்களை அறிவித்த கவுன்சில்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு மேல். அந்த அறிவிப்புக்குச் சட்ட பலம் இல்லை. ஆனாலும் ஒரு கவுன்சில் கையெழுத்து வைத்த தாளைக் காட்டி, “அப்ப இதைச் செய்யுங்கோ” என்று கேட்க உள்ளூர் மக்களுக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

பிரஜாவுரிமை கிடைத்ததும் அந்தச் சத்தியப் பிரமாணமும் பெரும்பாலும் கவுன்சில் மண்டபத்தில், மேயர் முன்னால்தான் நடக்கிறது. உங்கட வீட்டு அல்பத்தைப் புரட்டினால் சேலையும் கோட்டுமாக அப்பா அம்மா ஒரு மேயரோடு, கையில் ஒரு சின்ன மரக் கன்றோடு நிற்கும் படம் ஒன்று இருக்கக்கூடும். அந்த மண்டபம் இன்றைக்கும் அதே கவுன்சிலுடையதுதான். அதற்குள் அன்றைக்குப் பிறகு ஒருதரம்கூடப் போகாமல் இருந்துவிட்டோம்.

பிள்ளைகளோடு எங்கே தொடங்கலாம்?

முதலில் ஒரு சின்னப் புகார். உடைந்த நடைபாதை, பூங்காவில் கழன்ற ஊஞ்சல், யாரோ தெருவில் எறிந்துவிட்டுப் போன மெத்தை. பிள்ளையே படம் எடுக்கட்டும், பிள்ளையே இரண்டு வரி எழுதட்டும். கவுன்சில் வலைத்தளத்திலோ, ஸ்நாப் சென்ட் சால்வ் மாதிரி செயலியிலோ அனுப்புங்கள். ஒரு இலக்கம் வரும். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். சரிசெய்தார்களா, எத்தனை நாள் எடுத்தது என்று பிள்ளை எண்ணட்டும். சரிவரவில்லையென்றால் அதே இலக்கத்தைச் சொல்லி வட்டாரக் கவுன்சிலருக்கு எழுதுங்கள்.

அடுத்தது ஒரு கூட்டம். முழுவதும் இருக்கத் தேவையில்லை. அரை மணித்தியாலம் போதும். பல கவுன்சில்களில் பொதுமக்கள் சில நிமிடம் பேசவும் இடம் உண்டு. முன்கூட்டியே பதியவேண்டும், விதி கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறு. தமிழ்ப் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் சனிக்கிழமைக் காலையில் பிள்ளைகள் காருக்கு நடுவில் ஓடுகிறார்கள் என்றால், அதைச் சொல்ல ஆகச் சிறந்த ஆள் அந்தப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளைதான். ஒரு பெற்றோர் சங்கம் எழுதும் கடிதமும், 60 குடும்பம் கையெழுத்து வைத்த மனுவும் அதோடு சேர்ந்தால் அதிகாரிகள் வந்து பார்க்காமல் விடமுடியாது.

மூன்றாவது வாக்கு. கடந்த தேர்தல் 2024 செப்டெம்பர் 14. அடுத்தது 2028 செப்டெம்பர். கட்டாய வாக்கு, போடாவிட்டால் 55 டொலர் தண்டம். தண்டத்துக்குப் பயந்து போய், கையில் தந்த துண்டில் இருந்தபடி இலக்கம் போட்டுவிட்டு, சொசேஜ் வாங்கித் தின்றுவிட்டு வருவதுதான் எங்களில் பலரின் வழக்கம். அடுத்த முறை உங்கட வட்டாரத்தில் நிற்பவர்களுக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள்: எங்கட நூலகத்தில் தமிழ்ப் புத்தகத்துக்கு என்ன செய்வீர்கள்? பதில் தந்தவர் யார், தராதவர் யார் என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஃபெயார்ஃபீல்ட் கவுன்சிலில் இருந்த டாய் லே என்ற பெண், வியட்நாமிலிருந்து சிறுவயதில் அகதியாக வந்தவர். 2022இல் பௌலர் தொகுதியில் தொழிற்கட்சியின் பெரிய தலை ஒன்றைத் தோற்கடித்துக் கன்பெராவுக்குப் போனார். அவர் சனத்தோடு பழகியது குப்பை, பார்க்கிங், பூங்கா என்ற இதே கதைகளுக்குள்தான். எங்கட பிள்ளைகள் எல்லோரும் பாராளுமன்றம் போகவேண்டும் என்று இல்லை. தங்கட தெரு யாருடையது என்று கேட்டால், “எங்கட” என்று சொல்லத் தெரிந்தால் போதும். இந்த மாத நிகழ்ச்சிநிரல் உங்கட கவுன்சில் வலைத்தளத்தில் இருக்கிறது. உங்கட தெருப் பெயரைப் போட்டுப் பாருங்கள்.